கேட்னிப் எலியும் கொல்லைக் குப்பைமேனியும்

கும்பகோணத்தில் செல்லப்பிராணிப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் 180 ரூபாய் கொடுத்து வாங்கிய கேட்னிப் எலி, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சாம்பல் நிறத் துணிப் பொம்மை. உள்ளே பஞ்சும் உலர்ந்த கேட்னிப் இலைத்தூளும் இருக்கின்றன. வெளியே இரண்டு பிளாஸ்டிக் கண்களும் ஒரு சாண் நூல் வாலும். எல்லாப் பூனைகளும் இதில் மயங்கிவிடும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு மாதம் பயன்படுத்திய பிறகு சொல்கிறேன், அது உண்மையன்று.

கேட்னிப் புதினாக் குடும்பத்துச் செடி. அதிலுள்ள நெப்பெட்டாலாக்டோன் என்னும் பொருள் மூக்கின் வழியாகவே பூனையை ஆட்கொள்கிறது. இலையைத் தின்ன வேண்டுமென்பதில்லை. ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பூனைகள் பிறவியிலேயே இதற்கு அசைவதில்லை, மூன்று மாதம் நிறையாத குட்டிகளும் பெரும்பாலும் அப்படித்தான். எங்கள் வீட்டு மூவண்ணப் பெட்டை ஒருமுறை முகர்ந்துவிட்டு நெற்குதிரின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. அதன் இரண்டு மாதக் குட்டி பொம்மையைத் தாண்டி என் கால்விரலைக் கடிக்கப் போயிற்று.

கிழட்டுக் கடுவன் மட்டும் கொடுத்த காசுக்கு வேலை காட்டியது. மூக்கருகே நீட்டியபோது அது பொம்மையைப் பார்க்கவேயில்லை. ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கும் பொருள் பூனையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாததால், மீசையை முன்னே வளைத்து அந்த மயிரால்தான் துழாவிற்று. பிறகு கன்னத்தைத் தேய்த்தது, எச்சில் வழிய நக்கியது, தோளைச் சாய்த்துக் கூடத்துத் தரையில் இப்புறமும் அப்புறமும் புரண்டது. பத்து நிமிடத்தில் எழுந்து, ஒன்றும் நடவாததுபோல் மீன்சட்டியை நோக்கி நடந்துவிட்டது. அதன் பின் அரைமணி நேரத்துக்கு அதே வாசனை அதை அசைக்கவில்லை, இதுவும் இயல்பே. இப்படிப் புரள்வது வெறும் களிப்பு மட்டுமன்று என்று 2021இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்: இதே வகைப் பொருளுள்ள வேறொரு செடியின் இலையில் தேய்த்துக்கொண்ட பூனைகளின் மேல் கொசு குறைவாகவே உட்கார்ந்தது. அந்தி சாய்ந்தால் நொச்சி மூட்டம் போடும் காவிரிக்கரைக்காரர்களுக்கு இதில் வியப்பதற்கு அதிகம் இல்லை.

பொம்மையின் பெருங்குறை அதன் வால். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கி வளைந்தவை. மயிரை வாரவும் எலும்பிலிருந்து இறைச்சியைச் சுரண்டவும் உதவும் அதே முட்கள், நாக்கில் சிக்கிய நூலைத் துப்பவிடாமல் உள்ளே தள்ளுகின்றன. குடலுக்குப் போன நூல் அதைச் சுருட்டி இழுத்து அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்விடும். ஆகவே வாலையும் கண்களையும் வெட்டியெடுத்த பிறகே கொடுத்தேன்; விற்பவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அளவும் போதாது. பூனை முன்கால்களால் இரையை அணைத்துப் பின்கால்களால் உதைப்பதற்கு ஒரு முழ நீளமாவது வேண்டும்.

இரண்டாவது குறை, சரக்கின் பழமை. வெயில் விழும் வாசல் கம்பியில் இதைத் தொங்கவிட்டிருந்தார்கள்; வாசனை எண்ணெய் ஆவியாகிவிட்டால் மிஞ்சுவது வெறும் சருகு. மூன்றாம் வாரத்தில் கடுவனும் திரும்பிப் பார்க்கவில்லை. வாங்குவதாயிருந்தால், காற்றுப்புகாத உறையில் உள்ளதைக் கேட்டு வாங்கி, வீட்டிலும் மூடியிட்ட டப்பாவில் வைத்திருங்கள்.

இத்தனைக்கும் நம் வாய்க்கால் ஓரத்துக் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. அதன் வேரும் பூனைகளை இப்படியே மயக்கும். அடைமழைக்குப் பின் கொல்லையில் களை பறித்த அன்று, மண் ஒட்டிய வேரின் மேல் கடுவனோடு, கேட்னிப்பை மதிக்காத அந்தப் பெட்டையும் விழுந்து புரண்டது. தின்றால் என்ன ஆகுமோ என்ற அச்சத்தில் வேரைப் பிடுங்கி மேலே வைத்துவிட்டேன். மறுநாள் எலியின் வயிற்றைப் பிரித்துச் சருகைக் கொட்டி, கழுவிய புது வேரை வைத்துக் கெட்டியாகத் தைத்தேன். வாலும் கண்ணும் இல்லாத அந்த 180 ரூபாய் எலி இப்போது ரேழியில் எச்சில் ஊறிக் கிடக்கிறது.