ப்ரொபோர்ஷனல் வால்வுன்னு காசு வாங்கிட்டு ஆன்-ஆஃப் வால்வை மாட்டிட்டுப் போயிட்டான், உஷாரா இருங்க

மாதவரம், மணலி பக்கம் குடோன்ல பேட்டரி ஸ்டேக்கர் (சரக்கை ஃபோர்க்ல தூக்கி ரேக்ல வைக்கிற வண்டி) ஓட்டுறவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. எங்களோடது 24 வோல்ட் ஸ்டேக்கர், கையால லீவர் புடிச்சு ஏத்தி இறக்கிட்டு இருந்தோம், அதை பட்டன் அமுக்குனா ரேக் உயரத்துக்குப் போய் தானா மெதுவா நிக்கிற மாதிரி மாத்தித் தரேன்னு ஒருத்தன் வந்தான். கொட்டேஷன்ல ப்ரொபோர்ஷனல் வால்வு (ஆயிலை வேணுங்கிற அளவுக்கு கொஞ்சம் கொஞ்சமா விடுறது), கன்ட்ரோலர், சென்சார்னு தெளிவா போட்டு 1,40,000 ரூபா, அதுல பாதிக்கு மேல அட்வான்ஸாவே வாங்கிட்டான்.

மாட்டுன அன்னைக்கே 200 லிட்டர் பேரல் ஏத்தி இறக்குறப்ப தடால்னு வந்து நடுவுல டக்குன்னு நின்னுச்சு, ஃபோர்க் ஏறி இறங்குற கம்பம், அந்த மாஸ்ட்டே ஆடிப்போச்சு, பேரல் சரிஞ்சு அங்க நின்ன பையன் காலுக்குப் பக்கத்துல விழுந்துச்சு. போன் பண்ணா "புது வால்வுண்ணே, ஆயில் செட் ஆகணும், ஓட்டுங்க சரியாயிடும்"ங்கறான். ஆயில் செட் ஆகுறதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுங்க. அப்புறம் வந்து ஆயில் போற வழியைக் குறுக்குற த்ராட்டிலை திருகிட்டுப் போனான், அதுல ஏத்துறப்ப பம்பு தள்ளுற ஆயில் பாதி ரிலீஃப் வால்வு (பிரஷர் அதிகமானா திறக்கிறது) வழியா டேங்குக்கே திரும்பி சூடாகி, சாயங்காலம் வரைக்கும் தாங்குன பேட்டரி மதியமே படுத்துடுச்சு.

தண்டையார்பேட்டைல தெரிஞ்ச ஹைட்ராலிக் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டு வந்து வால்வைக் கழட்டுனோம். வால்வுக்குள்ள நகர்ந்து ஆயில் வழியைத் திறந்து மூடுற உருளை, அந்த ஸ்பூலைக் கையில எடுத்துக் காட்டுனார், விளிம்பு எல்லாம் சதுரமா வெட்டுன மாதிரி இருக்கு. ப்ரொபோர்ஷனல்னா வழக்கமா அந்த விளிம்புல குட்டி குட்டியா வி மாதிரி வெட்டு இருக்கும், ஆயில் கொஞ்சம் கொஞ்சமா போறது அது வழியாதான். ஸ்பூலை நகர்த்துற காயிலுக்கு (கம்பிச் சுருள்) எவ்வளவு கரண்ட்டோ அவ்வளவுக்கு ஸ்பூல் நகரணும். காயில் சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறி கரண்ட் குறையும், அதைப் பாத்து சரிக்கட்டத்தான் கன்ட்ரோலரே. இவன் குடுத்த டப்பாவைத் திறந்தா உள்ள வெறும் ரிலே, அதாவது ஆன்-ஆஃப் மட்டும் பண்ற சுவிட்ச்! இதுல நெஜ ப்ரொபோர்ஷனல் வால்வைப் போட்டிருந்தாக்கூட முழுசா திறக்கும், முழுசா மூடும், அவ்வளவுதான்.

காசு போனதைவிட வயிறு எரியுறது வேற விஷயத்துக்கு. சிலிண்டர் அடியில ஹோஸ் வெடிச்சா லோடு விழாம புடிக்கிற சேஃப்டி வால்வு ஒண்ணு இருந்துச்சு, ஃபிட்டிங் சேரலைன்னு அதையும் கழட்டிப் போட்டுட்டு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஃபோர்க்குக்குக் கீழ ஆளுங்க நடமாடுற இடம்ங்க அது.

பில்லுல "வால்வு செட் 1"னு மட்டும் எழுதியிருக்கான், மாடல் நம்பர் இல்ல. இப்ப போனும் எடுக்கறதில்ல. நீங்க இந்த வேலையை யார்கிட்டயாவது குடுக்குறதா இருந்தா கொட்டேஷன்லயும் பில்லுலயும் வால்வு மாடல் நம்பர் கேட்டு வாங்குங்க, பாக்கி காசு குடுக்குறதுக்கு முன்னாடி காயில் ஒயர்ல சீரிஸ்ல (ஒயரைப் பிரிச்சு நடுவுல) ஆம்பியர் மீட்டர் வச்சுப் பாருங்க, கரண்ட் படிப்படியா ஏறணும், ஒரேயடியா ஜீரோவுல இருந்து ஃபுல்லுக்குப் போச்சுன்னா அது ரிலேதான். ஏற்கெனவே யார்கிட்டயாவது இந்த வேலை பண்ணிருந்தீங்கன்னா இன்னைக்கே லோடை இறக்கிட்டு சிலிண்டர் அடியில அந்த சேஃப்டி வால்வு இருக்கான்னு பாத்துடுங்க.