மூன்று வருடம் மூச்சை எண்ணிப் பார்த்தேன்

மைண்ட்ஃபுல்னஸ், அதாவது அந்தந்த நொடியில் நடப்பதைக் கவனிக்கும் தியானம், பழகினால் இரண்டு மடங்கு வேலை நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு நடக்கவில்லை. மூன்று வருடமாகப் பெரும்பாலான நாட்கள் காலையில் அதற்காக 12 நிமிடம் உட்காருகிறேன். ஒரு மணி நேரத்தில் நான் முடிக்கும் பக்கங்கள் அன்றும் இன்றும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான். மாறியது வேறு.

என் தொழில் மெய்ப்புப் பார்ப்பது, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துவது. கண் வரியில் இருக்கும், மனம் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும். நான்கு பக்கம் தாண்டிய பிறகுதான் ஒரு வார்த்தைகூட உள்ளே போகவில்லை என்று உறைக்கும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருமுறை 'பனிக்காலம்' என்ற தலைப்பு 'பணிக்காலம்' என்று அச்சாகிவிட்டது. உள்ளே ஒற்றுப் பிழைகளைத் துரத்தித் துரத்திப் பிடித்திருக்கிறேன். அத்தனை பெரிய எழுத்தில் இருந்த தலைப்பை இரண்டு சுற்றிலும் கோட்டை விட்டிருக்கிறேன். அதற்கப்புறம்தான் இந்தப் பக்கம் வந்தேன்.

முதலில் ஒரு செயலி. தொடர்ந்து எத்தனை நாள் உட்கார்ந்தேன் என்று அது கணக்குக் காட்டும். 40 நாள் வரை பெருமையாக இருந்தது. ஒரு நாள் விட்டுப்போனதும் கணக்கு பூஜ்ஜியத்துக்குப் போக, வெறுத்துப்போய் மூன்று வாரம் உட்காரவே இல்லை. செயலியைத் தூக்கிவிட்டேன். சாதாரண டைமரே போதும்.

நான் செய்வது ரொம்ப எளிமையானது. மூச்சை வெளியே விடும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, இப்படிப் பத்து வரை. பத்தானதும் மறுபடி ஒன்று. பல நாள் பதினேழு, பதினெட்டு என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் விழித்துக்கொள்வேன். மனம் ஓடினால் தோற்றுவிட்டேன் என்று முதல் இரண்டு மாதம் நினைத்தது பெரிய தப்பு. ஓடிவிட்டதைக் கண்டுகொள்ளும் அந்த நொடிதான் பயிற்சியே. மனம் ஓடாவிட்டால் கண்டுகொள்ள என்ன இருக்கிறது?

மைண்ட்ஃபுல்னஸ் என்ற சொல்லின் மூலம், பழைய பௌத்த நூல்கள் இருக்கும் பாலி மொழியின் 'ஸதி'. அதன் வேர்ப்பொருள் நினைவு. நம் மொழியிலும் 'நினைவு' என்றால் ஞாபகமும் உண்டு, சுயநினைவும் உண்டு. 'என்ன நினைப்பில் இருக்கிறாய்?' என்று அதட்டுவதும் அதே வேரில் பிறந்த சொல்லை வைத்துத்தான். எனக்கு எந்த விளக்கத்தையும் விட இது சீக்கிரம் புரிந்தது.

காலைப் பயிற்சியை விட எனக்கு உதவியது வேலை மேசையில் வைத்த ஒரு துண்டுத் தாள். போனை நோக்கிக் கை நீளும்போதெல்லாம் அதில் ஒரு கோடு போட வேண்டும், அவ்வளவுதான். எடுக்கக் கூடாது என்ற விதியெல்லாம் இல்லை. முதல் நாள் மதியத்துக்குள் 31 கோடு. சலிப்பு வந்தால்தான் கை போகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒரு வாரம் கவனித்ததில் அது பொய் என்று தெரிந்தது. எழுத்தாளர் என்ன சொல்ல வருகிறார் என்றே புரியாத ஒரு வாக்கியம் வரும். திருத்தலாமா, அப்படியே விடலாமா என்று முடிவெடுக்க வேண்டும். நெஞ்சுக்குள் லேசாக ஒரு இறுக்கம். அந்த இடத்தில்தான் கை கிளம்பும், பெரும்பாலும் எனக்கே தெரியாமல்.

இப்போது அந்த இறுக்கம் வந்ததும் தெரிகிறது. ஒரு மூச்சு விட்டுவிட்டு, ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, அடுத்த வரிக்குப் போகிறேன். பாதியில் விட்ட வேலை, அடுத்த வேலைக்குப் போன பிறகும் கவனத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. போனைப் பார்த்துவிட்டு வந்த பிறகு விட்ட பிழைகள்தான் எனக்கு அதற்குச் சாட்சி.

எனக்குப் பின்னால் இன்னொருவர் சரிபார்ப்பார். நான் விட்ட பிழைகளின் பட்டியல் திரும்பி வரும். முன்பு ஒரு ஃபாரத்துக்கு, அதாவது 16 பக்கத்துக்கு, ஐந்தாறு இருக்கும். ஒரு வருடம் கழித்து ஒன்றிரண்டாகிவிட்டது. போனைப் பக்கத்து அறையில் வைக்கும் பழக்கமும் அதே காலத்தில்தான் வந்தது. எதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் தராசு இல்லை.

வேலையைப் பெருக்குவதற்கென்று பிறந்த சமாச்சாரமும் இல்லை இது. ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது மன அழுத்தத்தையும் தீராத வலியையும் சமாளிக்க ஒரு பயிற்சி. பிறகு அது எட்டு வாரப் பாடமாக நிலைத்தது. 47 பரிசோதனைகளை அலசி 2014-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஆய்வும், பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் ஓரளவு பலன் உண்டு என்றது. கவனம் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் அதில் கிடைக்கவில்லை.

ஒரு சங்கடமும் உண்டு. உட்கார்ந்து எழுந்ததும் 'அப்படியென்ன அவசரம்?' என்று தோன்றும். கணக்கு எழுதுவது, பில் அனுப்புவது மாதிரி வேலைகளைத் தொடவே மனம் வராது. சோம்பல் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். 2018-இல் ஹாஃபன்பிராக், வோஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்விலும் இதே விஷயம்: தியானத்துக்குப் பின் வேலை செய்யும் உந்துதல் குறைந்தது, ஆனால் செய்த வேலையின் தரம் குறையவில்லை. அதனால் காலையில் தூங்கி எழுந்த கையோடு தியானத்துக்கு உட்கார்ந்துவிடுகிறேன். வேலைக்கும் அதற்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இருக்கும்.

வீட்டில் ஒரு இழப்பு நடந்த சமயத்தில் கண்ணை மூடி உட்காரவே முடியவில்லை. உட்கார்ந்தால் இன்னும் மோசமானது. அந்த மாதம் முழுக்க, பாதம் தரையில் படுவதைக் கவனித்தபடி நடந்தேன். மனதில் ஆறாத காயம் உள்ளவர்கள் தனியாக இதில் இறங்காமல் மனநல மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஒவ்வொரு கவளத்தையும் கவனித்துச் சாப்பிடும் பயிற்சி மட்டும் இன்றுவரை எனக்கு வரவில்லை. மூன்று நாள் முயன்றேன், சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம். தட்டுக்குப் பக்கத்தில் புத்தகம் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன், மாற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.