பெரிய ஸ்கேன்கள்: டேட்டாபேஸுக்குள்ளா, வெளியே டிஸ்க்கிலா?

கும்பகோணத்தில் எங்கள் ஸ்கேன் கூடத்துக்கு வருவதெல்லாம் பழைய கிரயப் பத்திரம், குத்தகைச் சீட்டு, செல்லரித்த நிலப்படம். ஏ4 தாளை 600 டிபிஐ வண்ணத்தில், சுருக்காமல் எடுத்தால் ஒரு பக்கமே சுமார் 100 எம்பி. அத்தனையும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பைட்டியாவாக, அதாவது அட்டவணையிலேயே சேரும் பைனரித் தரவாக, கிடந்தன. தேடல் திரை திறக்கவே திணறியது.

இடத்தை மாற்றும் முன், டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியான கியூரியைப் பாருங்கள். கியூரி ஓடும் நேரத்தை அளந்து காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் போட்டால் மில்லிசெகண்டில் முடிந்தது என்று சத்தியம் செய்யும். ஆனால் அது விடையை, கேட்ட மென்பொருளான கிளையன்ட்டுக்கு அனுப்புவதில்லை. பெரிய தரவைப் போஸ்ட்கிரெஸ் தனியே ஒதுக்கும் டோஸ்ட் அட்டவணையில் சுமார் 2 கேபி துண்டுகளாகக் கிடக்கும் படத்தை ஒன்றுசேர்ப்பதும் இல்லை. 17ஆம் பதிப்பில் வந்த சீரியலைஸ் விருப்பத்தைச் சேர்த்தால் அந்தச் சேர்ப்புச் செலவு தெரியும். ஓடும் இணைப்புகளைக் காட்டும் ஸ்டாட் ஆக்டிவிட்டியில் ‘கிளையன்ட் ரைட்’ (கிளையன்ட்டுக்கு அனுப்பக் காத்திருப்பு) என்றே நின்றால் இன்டெக்ஸைத் திட்டிப் பயனில்லை. எல்லாவற்றையும் அள்ளும் ‘செலக்ட் ஸ்டார்’ஐத் தூக்கிவிட்டு வேண்டியதை மட்டும் கேட்டாலே பாதி வழக்கு தீர்ந்தது.

மீதிப் பாதிக்குத்தான் இந்த ஒப்பீடு. பைட்டியாவில் நிம்மதி உண்டு: அட்டவணையில் ஒரு வரிசையை அழித்தால் படமும் போய்விடும். ஆனால் உச்சவரம்பு 1 ஜிபி. உரை வடிவில் வெளியே வரும்போது, ஒரு பைட்டுக்கு இரண்டு எழுத்தான ஹெக்ஸாகி இரட்டிப்பாகும். தரவைத் தனியே வைத்து வரிசையில் அதன் எண்ணை மட்டும் குறிக்கும் லார்ஜ் ஆப்ஜெக்டில் 4 டிபி வரை போகலாம், வேண்டிய பகுதியை மட்டும் வாசிக்கலாம். வரிசை அழிந்தாலும் பொருள் அநாதையாய்த் தங்கும், வேக்கம்எல்ஓ என்ற துப்புரவு நிரலை ஓட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். சோதனைக்கு மேல் லார்ஜ் ஆப்ஜெக்டை நான் ஓட்டியதில்லை, அதனால் தீர்ப்பு சொல்லமாட்டேன்.

நான் போனது மூன்றாவது வழி: படம் டிஸ்க்கில், அதன் பாதையும், கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 ஹேஷும் டேட்டாபேஸில். முடிவு செய்தது வேகமில்லை, பேக்கப். என்றோ எடுத்த பத்திரப்படம் இனி மாறப்போவதில்லை. ஆனாலும் டேட்டாபேஸை நகலெடுக்கும் பிஜி டம்ப் ஒவ்வொரு முறையும் முழுசையும் அள்ளும். ஒரே வரிசையில் 500 எம்பியைத் தாண்டினால் ஹெக்ஸ் இரட்டிப்பால் 1 ஜிபி வரம்பில் முட்டி டம்ப்பே நின்றுவிடக்கூடும். டிஸ்க்கில் இருந்தால் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் புதிதாக வந்ததை மட்டும் எடுத்துப் போகும். காவிரி டெல்டாவில் இது சின்ன விஷயமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் கிடையாது. ஐப்பசி அடைமழைக்கு முன் ஒரு நகல் திருச்சி போய்ச் சேர்ந்தாக வேண்டும். மீட்கும்போதும் இதே லாபம்தான்: மெலிந்த டேட்டாபேஸை முதலில் எழுப்பித் தேடலைத் திறந்துவிடலாம், படங்கள் பின்னால் வரட்டும்.

தொல்லை இல்லாமல் இல்லை. டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆனாலும், அதாவது டேட்டாபேஸ் மாற்றம் ரத்தானாலும், கோப்பு அங்கேயே இருக்கும். யாராவது ஃபோல்டர் பெயரை மாற்றினால் பாதை அறுந்துபோகும். ராத்திரிதோறும் ஹேஷைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் இல்லாமல் இந்த வழிக்கு வராதீர்கள்.

தேடல் பட்டியலில் தெரியும் சின்ன முன்னோட்டப் படங்களை மட்டும் பைட்டியாவிலேயே விட்டுவைத்திருக்கிறேன். சில கேபிக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு?