இம்யூனோதெரபி எடுப்பவருக்கு ஆறு ஆன்டிபாடி டெஸ்ட்: காசுக்குத் தகுந்ததா?

லேப் பட்டியலில் ‘ஆட்டோஇம்யூன் என்செஃபலைட்டிஸ் பேனல்’ என்று ஒன்று இருக்கும். உடலின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும் அழற்சிக்கான ஆன்டிபாடிகளைத் தேடும் டெஸ்ட் அது. பல ஆயிரம் ரூபாய் ஆகும். இங்கே அதை ஒரே ஒரு தேவையை வைத்து மட்டும் எடைபோடுகிறோம். புற்றுநோய்க்கு இம்யூனோதெரபியாக நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப், இபிலிமுமாப் போன்ற ஊசி போட்டுக்கொள்பவர் திடீரென்று குழம்பிப் பேசுகிறார், காய்ச்சலும் தலைவலியும் இருக்கிறது, வலிப்பும் வருகிறது. மருந்துதான் மூளையில் அழற்சியைக் கிளப்பியதா என்று இந்த டெஸ்ட் சொல்லுமா?

டெஸ்ட் நல்ல டெஸ்ட்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு அது பாதி பதில்கூடத் தராது.

பேனல் தேடுவது என்எம்டிஏ, ஆம்பா1, ஆம்பா2, காபா-பி, எல்ஜிஐ1, காஸ்பர்2 ஆகிய ஆறு மூளைப் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளை. இந்தப் புரதங்களை ஒவ்வொன்றாகத் தாங்கும்படி மாற்றிய செல்களைக் கண்ணாடி ஸ்லைடில் பதித்திருப்பார்கள். சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை) பத்து மடங்கு நீர்த்தும், முதுகில் எடுத்த தண்டுவட நீரை நீர்க்காமலும் அதன்மேல் விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பச்சையாக ஒளிர்ந்தால் பாசிட்டிவ். முடிவைச் சொல்வது மனிதக் கண்தான், அதனால் ஸ்லைடு பார்க்கும் கைப்பழக்கம் உள்ள லேபுக்கு அனுப்புவது நல்லது.

பணம் வீணாகும் முதல் இடம் சாம்பிள். ரத்தம் மட்டும் அனுப்பினால் என்எம்டிஏ நோயாளிகளில் ஏறக்குறைய ஏழில் ஒருவர் தப்பிவிடுவார்; அதற்குத் தண்டுவட நீர் வேண்டும். எல்ஜிஐ1 நேர்மாறு, ரத்தத்தில்தான் நன்றாகத் தெரியும். ஆகவே இரண்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும். சிகிச்சையாக இம்யூனோகுளோபுலின் (தானமாகப் பெற்ற ஆன்டிபாடி மருந்து) ஏற்றுவதற்கு முன்பே சாம்பிளை எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால், தானம் கொடுத்தவர்களின் ஆன்டிபாடிகளும் ரிசல்ட்டில் கலந்துவிடும். ‘காஸ்பர்2 வீக் பாசிட்டிவ்’ என்று சீரத்தில் மட்டும் வந்து, தண்டுவட நீரில் இல்லாமல், அறிகுறியும் பொருந்தாவிட்டால் அதை நம்பி எந்த முடிவுக்கும் போகக் கூடாது. இந்த பேனலில் அடிக்கடி தொல்லை கொடுப்பது இந்த வரிதான்.

இனி முக்கியமான குறை. இந்த ஊசிகள், எதிர்ப்பு சக்தியின் படைவீரர்களான டி செல்களின் பிரேக்கை எடுத்துவிடுகின்றன. அவிழ்ந்த டி செல்களே மூளையைத் தாக்கும்போது, பலருக்கு எந்த ஆன்டிபாடியும் கிடைக்காது. கிடைத்தாலும் ஹூ, எம்ஏ2, ஜிஎஃப்ஏபி போன்றவையாக இருக்கலாம். அவை இந்த ஆறில் இல்லை. ஹூவும் எம்ஏ2வும் ‘பாரானியோபிளாஸ்டிக்’ (புற்றுநோயை ஒட்டி வரும் எதிர்ப்பு சக்திக் கோளாறு) என்ற தனி பேனலில் வரும். புரதங்களைக் காகிதப் பட்டையில் பதித்துப் பார்க்கும் அந்த டெஸ்ட்டிலும் பொய் பாசிட்டிவ் சகஜம், மூளைத் திசு ஸ்லைடில் உறுதிசெய்ய வேண்டும். எனவே ஆறும் நெகட்டிவ் என்ற தாளைக் காட்டி ‘மருந்தால் வந்ததில்லை’ என்று யாராவது சொன்னால் அது தவறு.

நோயைப் பிடித்துத் தருபவை வழக்கமான சமாச்சாரங்கள். ஊசி போட்ட தேதிகளை எழுதிவையுங்கள். முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம் வரும். ஆனால் கடைசி ஊசிக்குப் பல வாரம், சில நேரம் மாதங்கள் கழித்தும் வரலாம். மருந்தால் வந்த அழற்சியென்றால் தண்டுவட நீரில் பொதுவாக ஒரு கன மில்லிமீட்டருக்கு 5க்கு மேல் வெள்ளணுக்கள் இருக்கும், பெரும்பாலும் லிம்போசைட் வகை. புரதம் கூடியிருக்கும், சர்க்கரை பொதுவாக இறங்காது. சர்க்கரை இறங்கியிருந்தால் காசநோயையோ பாக்டீரியாவையோ மூளையுறையில் பரவிய புற்றுநோயையோ தேட வேண்டும். நம் ஊரில் காசநோயைத் தேடாமல் ஸ்டீராய்டைத் தொடர்வது ஆபத்து. அதன் ஜீன் டெஸ்ட்டுக்கு மட்டுமே 6 மி.லி. நீர் இருந்தால் நல்லது, 2 மி.லி. எடுத்துவிட்டு எல்லா டெஸ்ட்டையும் கேட்டால் எதுவும் உருப்படியாக வராது.

மூளையைத் தாக்கும் ஹெர்பீஸ் வைரஸைத் தேடும் பிசிஆர் டெஸ்ட் கட்டாயம். அறிகுறி தொடங்கிய முதல் 3 நாளில் நெகட்டிவ் வந்தால் அது முடிவல்ல. சந்தேகம் வலுவாக இருந்தால் 3 முதல் 7 நாளில் மறுபடி எடுக்க வேண்டும், அதுவரை வைரஸ் மருந்தான அசைக்ளோவிர் உடல் எடையில் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடட்டும் (சிறுநீரகம் பழுதென்றால் அளவு குறையும்). எம்.ஆர்.ஐ. பலருக்கு நார்மலாகவே வரும். அதை எடுப்பதன் பெரிய பயன், மூளைக்குப் புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்ப்பது. வெளியே தெரியாத வலிப்பை இ.இ.ஜி. காட்டிக்கொடுக்கும். பலரும் மறப்பது கார்ட்டிசால் (அட்ரினல் சுரக்கும் ஹார்மோன்), தைராய்டு, சோடியம் ஆகிய ரத்தப் பரிசோதனைகள். இதே ஊசிகள் பிட்யூட்டரி, அட்ரினல் என்ற ஹார்மோன் சுரப்பிகளையும் கெடுக்கலாம், அந்த மயக்கமும் குழப்பமும் மூளை அழற்சி போலவே இருக்கும். கார்ட்டிசாலுக்கு ரத்தத்தை முதல் ஸ்டீராய்டு டோஸுக்கு முன் எடுத்தால்தான் அர்த்தம்.

தொற்று இல்லை என்று ஓரளவு தெளிந்ததும் நோய் கடுமையாக இருந்தால் மீத்தைல்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 1 கிராம், 3 முதல் 5 நாள். பேனல் ரிசல்ட் வரட்டும் என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இம்யூனோதெரபி அல்லாத ஐபுப்ரோஃபென் (வலி மாத்திரை), கோட்ரைமாக்சசோல் (ஆன்டிபயாட்டிக்) போன்றவற்றால் வரும் மூளையுறை அழற்சிக்கு இந்த பேனல் சுத்த வீண். மாத்திரை போட்ட சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கழுத்து விறைக்கும். தண்டுவட நீரில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் நிறைந்து பாக்டீரியா தொற்று போலவே இருக்கும். கல்ச்சர் வரும்வரை ஆன்டிபயாட்டிக் கொடுப்பதைத் தவிர்க்க முடியாது. மாத்திரையை நிறுத்தினால் சில நாளில் சரியாகும், மறுபடி போட்டால் முன்பைவிட வேகமாகத் திரும்பும்.

டெஸ்ட் கேட்டே ஆகவேண்டுமென்றால் படிவத்தில் ஊசியின் பெயர், கடைசி டோஸ் தேதி, புற்றுநோய் வகை மூன்றையும் எழுதுங்கள். மீந்த தண்டுவட நீரைக் கொட்டாமல் உறையவைத்து வைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆறும் நெகட்டிவ் என்று வந்தால், அடுத்த பேனலுக்காக மறுபடி முதுகில் குத்த வேண்டியிராது.