தி நேம் ஆஃப் தி ரோஸ்: கேட்லாக்கை மறைத்து வைத்த நூலகம்

கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவன் நான். இந்த நாவலில் பிணம் கிடைக்கும் காட்சிகளைவிட, கேட்லாக்கைத் திறக்கும் காட்சியில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஒரு கிறிஸ்தவத் துறவி மடத்தில் நடக்கும் கொலைகளைத் துப்பு துலக்க வந்த வில்லியம், அங்குள்ள நூலகர் மலாக்கியிடம் நூற்பட்டியலைப் பார்க்கிறார். ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் சில எண்கள்: தட்டில் எத்தனையாவது புத்தகம், எத்தனையாவது தட்டு, எந்த அலமாரி. கூடவே அறையைக் குறிக்கும் ஒரு சொல். அது எந்த அறை என்பது நூலகருக்குத்தான் வெளிச்சம். தலைப்புகளாவது பொருள்வாரியாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. மடத்துக்கு வந்து சேர்ந்த வரிசையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது, அக்சஷன் ரிஜிஸ்டர் என்ற நூல் வரவுப் பதிவேட்டைத் தூக்கி வாசகன் கையில் கொடுத்துவிட்டு ‘தேடிக்கொள்’ என்கிறார்கள்! நூலகம் இருப்பது மேல்மாடியில், ஐம்பத்தாறு அறைகள் கொண்ட, வழி தவறவைக்கும் புதிர்ப்பாதையாக. நூலகரையும் அவர் உதவியாளரையும் தவிர யாரும் அங்கே கால் வைக்கக் கூடாது. கொலைகளுக்கான வேர் இந்த விதியில்தான் இருக்கிறது. அதற்கு மேல் சொன்னால் உங்கள் சாபம் என்னைச் சும்மா விடாது.

கதை நடப்பது 1327 நவம்பர் கடைசியில், வட இத்தாலி மலைமேல் இருக்கும் பெனடிக்டைன் என்ற கத்தோலிக்கத் துறவு சபையின் மடம் ஒன்றில். ஏடுகளில் சித்திரம் வரையும் அடெல்மோ சரிவில் விழுந்து கிடக்கிறார். அடுத்து, கிரேக்கம் தெரிந்த வெனான்ஷியஸ் பன்றி ரத்தத் தாழியில் தலைகீழாக. விசாரிக்கும் வில்லியம், ஏழ்மையை விரதமாகக் கொண்ட பிரான்சிஸ்கன் சபைத் துறவி. கூட வரும் சீடப்பையன் அட்ஸோ, கிழவனான பிறகு எழுதி வைத்ததாகக் கதை போகிறது.

நாவலை எழுதிய உம்பர்ட்டோ எக்கோ பொலோன்யா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். ஐம்பதை நெருங்கும் வயதில் எழுதிய முதல் நாவல் இது. 1980இல் இத்தாலிய மொழியில் வந்தது. நான் படித்தது வில்லியம் வீவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு. முதல் நூறு பக்கத்தைச் சுருக்கச் சொல்லி நண்பர்கள் கேட்டபோது எக்கோ மறுத்துவிட்டாராம். மலையேறத் தெம்பில்லாதவன் அடிவாரத்திலேயே நிற்கட்டும் என்ற தோரணை. சரி, ஏறினேன். ஆனாலும் தேவாலயக் கதவுச் சிற்பத்தைப் பக்கம் பக்கமாக வர்ணிப்பது ரொம்பவே அதிகம்.

பலரும் தாண்டிப் போகும் சபைச் சண்டையை மட்டும் தாண்டாதீர்கள். இயேசுவும் சீடர்களும் சொத்து வைத்திருந்தார்களா? இல்லை என்று பிரான்சிஸ்கன்கள் 1322இல் அறிவித்தார்கள். அப்படிச் சொல்வது மதத்துரோகம் என்று மறு வருடமே போப் 22ஆம் ஜான் ஆணை போட்டார். இது நடந்த வரலாறு. பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் மைக்கேல் ஆஃப் செசேனாவும், மதத்துரோகிகளை விசாரிக்கும் இன்க்விசிஷன் அதிகாரி பெர்னார்ட் குயியும்கூட நிஜமாக வாழ்ந்தவர்களே. கதையில் போப் தரப்பும் பிரான்சிஸ்கன்களும் சந்திக்க ஒதுக்கிய இடம்தான் இந்த மடம். ஏழ்மையைப் பற்றி விவாதிக்க வந்த பெரியவர்கள் வசைமாரி பொழிந்து கைகலப்பு வரைக்கும் போகிறார்கள். வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் தோற்கிற கட்சிக்குக் காத்திருப்பது மதத்துரோகிகளை உயிரோடு எரிக்கும் தீ. இந்தப் பயம் இல்லாவிட்டால் மடத்தில் ஆளாளுக்கு ஏன் வாயைப் பூட்டிக்கொள்கிறார்கள் என்பது புரியாது.

வில்லியத்திடம் ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கிறது. அந்தக் காலத்துக்குப் பெரிய அதிசயம். முக்கியமான கிரேக்கக் குறிப்பு கையில் கிடைத்த நேரத்தில் கண்ணாடி திருடு போகிறது. துப்பு கண்முன்னே, எழுத்து தெரியவில்லை. வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இந்த வேதனை தனியாகப் புரியும்.

குறைகளும் உண்டு. லத்தீன் வரிகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். நான் படித்த பதிப்பில் அடிக்குறிப்பு கிடையாது. அப்புறம், கதையில் வாழும் பெண் என்று சொல்ல ஒரே ஒரு ஏழைப் பெண்தான், அவளுக்கும் பெயர் இல்லை. அட்ஸோவுக்கே தெரியவில்லை என்பது கதைக்குள் நியாயமாக இருக்கலாம். 1986இல் வந்த படத்தில் அவள் முடிவை மாற்றிவிட்டார்கள். பார்க்க ஆறுதலாக இருந்தது. ஆனால் குயி மாதிரி ஆளிடம் சிக்கியவளுக்கு அப்படியொரு நல்ல முடிவு வாய்க்காது, நாவல்தான் சரி.