பத்திரம் மாலையில் கையில், பட்டா ஓர் எழுத்தில் சிக்கியது

லண்டனுக்குத் திரும்பிய பிறகும் மனம் ஆறவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே ஓர் எழுத்து. அப்பா பெயரிலிருந்த மனையை அண்ணன் பெயருக்குத் தானசெட்டில்மென்ட், அதாவது பணம் வாங்காமல் எழுதிக் கொடுக்கும் பத்திரம், எழுதினோம். டோக்கன் நேரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகம் போய், புகைப்படம், கைரேகை முடிந்து, பத்திரம் ஸ்கேன் ஆகி அன்று மாலையே கைக்கு வந்துவிட்டது. சர்வே எண்ணின் முழு உட்பிரிவும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கே போகிறது, பிரித்து அளக்க எதுவும் இல்லை. இப்படிப்பட்ட மனைக்குப் பட்டா தானாகவே மாறிவிட வேண்டும். மாறவில்லை. அப்பா பெயரின் நடுவில் பத்திரத்தில் 'ஜ', வருவாய்த்துறை நிலக் கணக்கான கணினிச் சிட்டாவில் 'ச'.

பத்திரம் பதிந்தால் ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மூலப்பத்திரம் எப்போது திரும்பும் என்று வாரக்கணக்கில் எழுத்தரிடம் கேட்டுக்கொண்டிருந்த காலத்தை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அலுவலக வாசல் மரத்தடியில் பெஞ்சு போட்டு, நான்கெல்லையை உரக்க வாசித்துக் காட்டி எழுதிய பத்திர எழுத்தர்களின் கையெழுத்து அவ்வளவு அழகு. ஆனால் அந்தக் காத்திருப்பு யாருக்கும் வேண்டாம். 2018 பிப்ரவரியில் பதிவு முழுக்க இணையவழி ஆனதிலிருந்து ஆவண விவரத்தை வீட்டிலிருந்தே உள்ளிட்டு, முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வங்கி வழியாகக் கட்டி, நாளும் நேரமும் குறித்துக்கொண்டு போகலாம். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். இவை 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட தொகைகள். வெளியாருக்கு விற்பதென்றால் 7 சதவீதத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும். இவ்வளவும் சொன்னபடி நடக்கிறது, அதனால் இதில் நிற்க வேண்டியதில்லை.

எழுத்துக்கு வருவோம். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், ஊரில் யூடிஆர் என்பார்கள், கிராமம் கிராமமாகப் பட்டாவும், கிராமத்து நிலங்களின் மூலக் கணக்கான அ-பதிவேடும் புதிதாக எழுதப்பட்டன. எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அது அன்று பிழையே இல்லை. கிராம நிர்வாக அலுவலருக்கு ஆளைத் தெரியும், அப்பனைத் தெரியும், வரப்பைத் தெரியும். பிறகு அந்தக் கையெழுத்துப் பதிவேட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றினார்கள். பதிவேட்டில் இருந்த 'ச' அப்படியே வருவாய்த்துறையின் தமிழ்நிலம் மென்பொருளுக்குப் போய்ச் சேர்ந்தது. பத்திரமோ ஆதாரைப் பார்த்து எழுதப்பட்டது. இப்போது பதிவுத்துறைத் தகவலும் வருவாய்த்துறைத் தகவலும் இணைக்கப்பட்டிருப்பதால், எழுதிக் கொடுப்பவரும் பட்டாதாரரும் ஒருவர்தானா என்று அங்கேயே பார்க்கிறார்கள். பெயர் ஒத்துப்போனால் யார் மேசைக்கும் போகாமல் பட்டா மாறும். ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் தாலுகாவுக்குப் போய், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், மண்டலத் துணை வட்டாட்சியர் என்று பழைய பாதையில் நகரும். நாற்பது ஆண்டுகள் யாருக்கும் தொந்தரவு தராத எழுத்து, இயந்திரம் வந்ததும் ஓர் ஆளை இரண்டு ஆளாக்கிவிட்டது.

தாலுகா அலுவலகத்தில் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் "பத்திரம் பதியும் முன்னாலேயே பெயரைத் திருத்தியிருக்கலாமே" என்ற பதிலைக் கேட்கும்போது எரிச்சல் வராமல் இருக்காது. ஏனென்றால் அது உண்மை, அதை முன்பே சொல்ல ஆளில்லை. முதலில் திருத்தினால் அது சாதாரணப் பெயர்ப் பிழை மனு. பதிந்த பிறகு என்றால் பழைய பட்டாதாரரும் எழுதிக் கொடுத்தவரும் ஒருவரே என்று நிறுவ வேண்டும். கேட்பவை: மூலப்பத்திரத்தின் நகல், கையால் எழுதிய யூடிஆர் பட்டா இருந்தால் அதன் நகல், சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, ஆதார். யூடிஆர் பட்டா பெட்டியடியில் எங்காவது கிடக்கும், குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். எழுத்துப் பிழை மட்டும் என்றால் தாலுகாவிலேயே தீரும். யூடிஆரில் ஆளே மாறிப்போயிருந்தாலோ பரப்பு குறைந்திருந்தாலோ அது பொதுவாக மாவட்ட வருவாய் அலுவலர் வரை போகும் விவகாரம். நேராகக் கொடுத்துத் தீர்க்க நல்ல இடம் ஜமாபந்தி, அதாவது ஆண்டுக்கொரு முறை தாலுகாவில் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை. அதுவும் மே, ஜூன் வாக்கில் முடிந்துவிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு ஜூலைக் கடைசியில்தான் பள்ளி விடுமுறை.

இங்கிலாந்தில் நிலப் பதிவகத்தில் 7 பவுண்டு கட்டினால் யார் வீட்டுக்கும் உரிமைப் பதிவேட்டின் நகல் கிடைக்கிறது. சொத்து, உரிமையாளர், கடன் மூன்றும் ஒரே இடத்தில். அந்தப் பதிவுக்கு அரசே பொறுப்பு, பிழையால் நட்டம் வந்தால் ஈடு தரும். நம்மிடம் பத்திரம் ஒரு துறையிடம், பட்டா இன்னொரு துறையிடம், வீட்டு வரி உள்ளாட்சியிடம், மின் இணைப்பு மின்வாரியத்திடம். பதிந்த பத்திரத்தை அரசு உத்தரவாதம் செய்வதில்லை, பட்டா மட்டும் இருந்தால் உரிமை நிலைத்துவிடாது. நான்கும் ஒரே ஆளைக் காட்டுகின்றனவா என்று பார்க்கும் வேலை நம் தலையில். அதே நேரம், இங்கிலாந்தில் ஒரு மனையைப் பிரித்துப் புதிய உரிமை எண் வாங்குவதற்குப் பல மாதங்கள், சில வேளை ஓராண்டுக்கும் மேல் ஆகிறது. அங்கே தரும் வரைபடத்தில் எல்லை ஏறத்தாழத்தான். நிலத்தின் எல்லையைக் காட்டும் நம் அரசுப் புலப்படத்திலோ ஒவ்வொரு வளைவுக்கும் மீட்டரில் அளவு இருக்கிறது, அதுவும் இணையத்தில் இலவசமாக. இப்படி ஒன்று நம்மிடம் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

அதனால் விமான டிக்கெட் எடுக்கும் முன்பே, வெளிநாட்டில் இருந்தபடியே செய்ய வேண்டியவை சில உண்டு. ஓடிபி எல்லாம் இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்று வைத்துக்கொண்டு, ஊர் சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். சில தளங்கள் வெளிநாட்டு இணைப்பில் திறக்க மறுக்கும் நேரமும் உண்டு. அப்போது ஊரில் ஒருவர் திறந்து பிடிஎஃப் அனுப்ப வேண்டும்.

முதலில் வில்லங்கம். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்தால் இலவசமாகப் பார்க்கலாம். பல அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் ஏற்றப்பட்டுள்ளன, அதற்கு முந்தையதைக் கையால் தேடச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். இங்கே ஏமாறுவது எளிது. 'பதிவுகள் இல்லை' என்று வந்தால் வில்லங்கம் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. யூடிஆரில் உட்பிரிவு எண் மாறிய நிலத்துக்கு அதற்கு முந்தைய பத்திரங்கள் பழைய எண்ணில்தான் கிடக்கும். கிராமம் புதிய சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்தின் பெயரில் தனியாகத் தேட வேண்டும். பழைய எண், புதிய எண், பழைய அலுவலகம், புதிய அலுவலகம் என்று எல்லாச் சேர்க்கையிலும் தேடி, உங்கள் கையிலுள்ள மூலப்பத்திரத்தின் எண் அந்தப் பட்டியலில் தெரிகிறதா என்று பாருங்கள். அது தெரியாவிட்டால் தேடல் தவறு, நிலம் சுத்தம் என்பதல்ல.

அடுத்து சிட்டா. பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். த/பெ என்ற இடத்தில் தாத்தா பெயரையும் விடாதீர்கள். நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டு முன்னும் பின்னுமாகக் கிடப்பதால், பத்திரத்தில் 'என்கிற' போட்டு இரண்டு வடிவத்தையும் எழுதச் சொல்வது நல்லது. பிறகு பரப்பு. சிட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கு. 0-04.50 என்றிருந்தால் நாலரை ஏர், அதாவது 450 சதுர மீட்டர், சுமார் 11.12 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. தஞ்சைப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் மா, குழி என்று இருக்கும். ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, கிட்டத்தட்ட 33 சென்ட். பத்திரத்தில் 12 சென்ட், சிட்டாவில் 11.12 சென்ட் என்று வந்தால் மீதி எங்கே போனது என்பதைப் புலப்படம் சொல்லும். ரோட்டுக்குப் போயிருக்கலாம், பக்கத்து உட்பிரிவில் சேர்ந்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் நில அளவைக்கு தமிழ்நிலம் தளத்திலேயே பணம் கட்டி விண்ணப்பிக்கலாம். ஆனால் சர்வேயர் வந்து எல்லைக் கல் பார்க்கும் நாளில் பக்கத்து நிலக்காரரும் நிற்க வேண்டும். அதற்கு எந்த மென்பொருளும் இல்லை, ஊரில் ஒரு ஆள் வேண்டும்.

வர முடியாதவர்கள் பவர், அதாவது தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம், அனுப்பலாம். இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்ட பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் உரிய முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். தபாலில் வந்த உறையைத் தேதி முத்திரையோடு வைத்திருங்கள், அந்த மூன்று மாதத்துக்கு அதுதான் சாட்சி. பவர் ஏஜென்ட் பத்திரம் எழுதும் நாளில், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள். இதையெல்லாம் இன்னும் காகிதத்தில்தான் செய்ய வேண்டியிருக்கிறது. பதிவே இணையத்தில் நடக்கும்போது இது மட்டும் ஏன் தபாலில் என்பது நியாயமான கேள்வி. இன்னொன்று: பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்து, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்கள் விவசாய நிலம் வாங்க முடியாது. வாரிசாக வந்ததை வைத்துக்கொள்ளலாம், விற்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். நஞ்சையில் வீடு கட்டும் கனவோடு வருகிறவர்கள் இதை முதலில் பார்க்கட்டும்.

பட்டா நேரானால் வீட்டு வரைபட அனுமதி அதிசயப்படும்படி எளிது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும், 7 மீட்டர் உயரத்துக்குள் என்றால், ஒற்றைச் சாளரத் தளத்தில் பட்டா, பத்திரம், வரைபடம், மனையின் படம் ஏற்றிப் பணம் கட்டியதும் அனுமதி இறங்கிவிடுகிறது. பஞ்சாயத்து அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. லண்டனில் சமையலறையைப் பின்பக்கம் நீட்டும் திட்ட விண்ணப்பத்துக்கே எட்டு வாரம் கணக்கு. ஆனால் சுயசான்று என்றால் சொன்னது பொய்யானால் பொறுப்பு நமக்கு. பட்டாவிலும் பத்திரத்திலும் பெயர் வேறுவேறாக இருந்தால் இங்கேயும் அதே எழுத்து வந்து நிற்கும். மனைப்பிரிவு அங்கீகாரம் இல்லாததாக இருந்து 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு முதன்முறை விற்ற மனையாக இருந்தால் வரன்முறைக்கே வழியில்லை. அடுக்குமாடி வாங்குபவர்கள் கட்டுநர்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான தமிழ்நாடு ரெராவின் தளத்தில் திட்டப் பதிவு எண்ணைப் பார்த்தால் போதாது, கட்டுநர் காலாண்டுக்கொரு முறை ஏற்ற வேண்டிய முன்னேற்ற அறிக்கையையும் திறந்து பார்க்க வேண்டும்.

கட்டுமானத்தைத் தொலைவிலிருந்து கவனிக்க சிம் போட்ட சோலார் கேமரா வந்துவிட்டது, வாட்ஸாப்பில் தினம் படம் வருகிறது. பூசிய பிறகு எடுத்த படத்தால் பயனில்லை. கேட்க வேண்டியது கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் படம்: கம்பிக்கும் பலகைக்கும் இடையில் இடைவெளி விட வைக்கும் சிறு கட்டை, கவர் பிளாக், தெரிய வேண்டும். தளத்துக்கு 20 மி.மீ., பீமுக்கு 25, தூணுக்கு 40, அடித்தளத்துக்கு 50. கம்பியைத் தராசில் வைத்த படமும் கேளுங்கள். விட்டத்தை மி.மீ.-யில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மீட்டர் நீள 12 மி.மீ. கம்பி சுமார் 10.66 கிலோ, 8 மி.மீ. சுமார் 4.74 கிலோ. சில சதவீதம் முன்பின் இருக்கும். பத்து சதவீதம் குறைந்தால் அது வேறு சரக்கு.

ரெடிமிக்ஸ் வண்டி வந்தால் ஆலையின் கணினி அச்சிட்ட சீட்டு ஒன்று ஓட்டுநரிடம் இருக்கும். சிமென்ட், சாம்பல், மணல், ஜல்லி, தண்ணீர் எவ்வளவு என்றும் எத்தனை மணிக்கு ஏற்றியது என்றும் அதில் இருக்கும். ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். நேரம் தாண்டி இறுகத் தொடங்கிய கலவைக்குத்தான் தளத்தில் குழாயைப் போட்டுத் தண்ணீர் சேர்ப்பார்கள், வலிமை அங்கேயே போகிறது. கேமராவைத் தெருப்பக்கம் திருப்பி வண்டி நிற்கும் இடம் தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள். சீட்டின் படத்தை வண்டி எண்ணோடு, கான்கிரீட் இறங்கத் தொடங்கும் முன்பே அனுப்பச் சொல்லுங்கள்.