சித்தூர் ஏட்டன் கடை: அஞ்சுக்கு நாலு ஸ்டார், அந்த ஒண்ணு ஏன் கொறஞ்சுச்சுன்னும் சொல்றேன்

மொதல்லயே சொல்லிடறனுங்க, இது ஆந்திரா சித்தூர் இல்ல, பாலக்காடு சித்தூர். கொழிஞ்சாம்பாறையில இருந்து பஸ் ஏறுனா பக்கம்தான். கடை பேரு என்னன்னு கேட்டீங்கன்னா போர்டுல மலையாள எழுத்து பாதி வெயில்லயே போயிருச்சு, நானே முழுசா படிச்சதில்ல, எல்லாரும் ஏட்டன் (மலையாளத்துல அண்ணன்) கடைன்னுதான் சொல்லுவாங்க. கம்ப்யூட்டர், பிரிண்டர், யுபிஎஸ் எல்லாம் ரிப்பேர் பாக்கறாரு. ரெண்டு பேரு உள்ள நின்னா மூணாவது ஆளு வெளிய நிக்கணும், அவ்ளோதான் எடம்.

நமக்கு பொழப்பு கல்யாண வீடியோ எடிட்டிங். பார்டர்ல இருக்கறதால ஒரு சௌகரியம், நமக்கு ஆடின்னா அவங்களுக்கு கர்க்கடகம், ரெண்டு பக்கமும் கல்யாணம் இருக்காது. அதனால ஆடி மாசம் சும்மாதான இருக்கோம்னு கோயமுத்தூர்ல ஒரு பெரிய கடையில ஆடி ஆஃபர் போட்டிருக்காங்கன்னு போயி சிஸ்டத்த அப்கிரேடு பண்ணிட்டு வந்தேன். பழைய செட்டப் ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு. நாலு வருசமா ஒரு தொந்தரவு குடுத்ததில்ல. புதுசா போட்டது ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கார்டு, கூட எட்டு எட்டா இன்னும் ரெண்டு ராம் ஸ்டிக்கு, மொத்தம் 32 ஜிபி. ஃபோர்கே டைம்லைன் வழுக்கிட்டு போகும்னாங்க. போச்சு, நெசமாவே போச்சு, ஒரு நாலு நாளு.

ஆவணி பொறந்து மொத முகூர்த்தம் முடிஞ்சு மெமரி கார்டெல்லாம் காப்பி பண்ணி டாவின்சி ரிசால்வ்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல உக்காந்தேன் பாருங்க, அன்னைக்கு ஆரம்பிச்சுது கெரகம். எக்ஸ்போர்ட் 30 பர்சன்ட் போகும், டப்புன்னு ஸ்கிரீன் கருப்பாகி சிஸ்டம் தானா ரீஸ்டார்ட். மறுபடி போட்டா 12 பர்சன்ட்ல. ஒரு தடவ 94ல போச்சு, அன்னைக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. சில சமயம் எடிட்டிங்கே இல்லாம சும்மா குரோம்ல பாட்டு தேடிட்டு இருக்கறப்ப நீல ஸ்கிரீன் வந்து நிக்கும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், சிஸ்டம் நிக்குது, அவ்ளோதான். இந்த எடத்துலதான் நான் தப்பு பண்ணேன், அப்பறம் வர்றேன் அதுக்கு.

எனக்கு தெரிஞ்ச வைத்தியமெல்லாம் பண்ணுனேன். சேஃப் மோடுல போயி டிடியூங்கற டூல போட்டு பழைய டிஸ்பிளே டிரைவர சுத்தமா எடுத்துட்டு புதுசா ஸ்டுடியோ டிரைவர் போட்டேன். கூட்டாளி ஒருத்தன் ஹீட்டா இருக்கும்டான்னான், தெர்மல் பேஸ்ட் மாத்துனேன், சைடு கதவ கழட்டி வெச்சு டேபிள் ஃபேன வெச்சேன். டெம்பரேச்சர் 70 கிட்ட தான் இருக்கு, ஆனா ஆஃப் ஆகுது. செரின்னு கேபினட்ட துண்டுல சுத்தி பைக்ல முன்னாடி வெச்சுகிட்டு வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி வாங்குன கடைக்கே கொண்டு போனேன். ஒரு நாள் வெச்சிருந்தாங்க. ஏதோ கேம் அரை மணி நேரம் ஓட்டி பாத்தாங்களாம், நல்லா ஓடுது சார், விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கும்னு சொல்லி ஃபார்மேட் அடிச்சு 500 ரூவா வாங்கிட்டாங்க. நான் மூணு வருசமா சேத்து வெச்ச கலர் பிரீசெட்டெல்லாம் சி டிரைவ்ல இருந்துச்சு, கேக்கவே இல்ல, அடிச்சுட்டாங்க. வீட்டுக்கு வந்து போட்டா அன்னைக்கு ராத்திரியே மறுபடி கருப்பு ஸ்கிரீன். ரெண்டாவது வாட்டி போனப்ப ‘போர்டு வீக்கா இருக்கும் சார், புது போர்டும் பிராசசரும் போட்டுருங்க’ன்னாங்க. முப்பதாயிரம் கிட்ட எஸ்டிமேட். அந்த பேரு இங்க வேணாம், விடுங்க.

அதுக்கப்பறம்தான் ஏட்டன் கடை. எங்க மாமா பிரிண்டர் அவருகிட்டதான் காட்டுவாரு. கேபினட்ட தூக்கிட்டு படியேறுனா என் தமிழ கேட்டுட்டு சிரிச்சுகிட்டே ‘கொங்கன் வந்தாச்சு’ன்னாரு. தெரியாதவங்களுக்கு, சித்தூர் பகவதி கோயில்ல கொங்கன்படைன்னு கும்ப மாசத்துல ஒரு திருவிழா, கொங்கு ராஜா படையெடுத்து வந்து தோத்து ஓடுன கதைய கொண்டாடறது. நம்ம பேசறது கொங்குத் தமிழாச்சே, இந்த கிண்டல் இங்க எல்லாரும் பண்ணுவாங்க.

நான் எதிர்பாத்தது, இவரும் திருப்புளிய எடுப்பாருன்னு. எடுக்கல. ஸ்டூல இழுத்து போட்டு ஒரு நோட்ட எடுத்தாரு, ஸ்கூல் பசங்க வெச்சிருக்கற கோடு போட்ட நோட்டு. ‘நிக்கும்போது நீலமா கருப்பா?’ன்னு கேட்டாரு. ரெண்டும்னேன். ‘எப்ப நீலம், எப்ப கருப்பு?’ எனக்கு பதில் தெரியல. யோசிச்சு பாத்தா எக்ஸ்போர்ட் ஓடறப்ப எப்பவுமே கருப்பு, சும்மா இருக்கறப்ப இல்லாட்டி சின்ன வேலை பண்றப்ப நீலம். அவரு தலைய ஆட்டிட்டு சொன்னாரு, ‘மோனே, இது ஒரு சூக்கேடு இல்ல, ரெண்டு சூக்கேடு கேட்டோ.’ சூக்கேடுன்னா நோவு. எனக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. இத்தன நாளா ரெண்டு நோவுக்கும் ஒரே மருந்த தேடிட்டு இருந்திருக்கேன்.

அப்பறம் விண்டோஸ் எழுதி வெக்கற லாக காட்டற ஈவன்ட் வியூவர தொறந்து காட்டுனாரு. சிஸ்டம் லாக்ல செவப்பா கெர்னல் பவர் 41னு வரிசையா நிக்குது. அத ஆனா இன்டர்நெட்ல பாத்துட்டு எல்லாரும் எஸ்எம்பிஎஸ் (உள்ள இருக்கற பவர் சப்ளை பெட்டி) போச்சுன்னு முடிவு பண்ணிடறாங்க, அது அப்படி இல்ல. 41னா ஒழுங்கா ஷட்டௌன் ஆகாம ரீஸ்டார்ட் ஆச்சுன்னு மட்டும்தான் அர்த்தம், காரணத்த அது சொல்லாது. உள்ள டீடெயில்ஸ்ல பக்செக் கோடுன்னு ஒண்ணு இருக்கும், அத பாக்கணும். அது 0ன்னா விண்டோஸுக்கே என்ன நடந்துச்சுன்னு எழுதி வெக்க நேரம் கெடைக்கல, பெரும்பாலும் கரண்டு பக்கம். நம்பர் இருந்தா நீல ஸ்கிரீன் வந்திருக்கு, விண்டோஸ் ஃபோல்டர்ல மினிடம்ப்னு ஒரு ஃபோல்டர்ல ஃபைல் கெடக்கும். எனக்கு எக்ஸ்போர்ட் டைம்ல எல்லாம் 0, மத்தது பெரும்பாலும் மெமரி மேனேஜ்மென்ட்னு ராம சந்தேகப்பட வெக்கற எரர். ஒண்ணு ரெண்டு ஐஆர்கியூஎல்னு ஒரு எரர், அதும் அந்த ஜாதிதான். அந்த பெரிய கடையில இத ஒருத்தன் அஞ்சு நிமிசம் பாத்திருந்தா என் பிரீசெட்டு பொழச்சிருக்கும்.

மொத நோவு ராம். பென்டிரைவ்ல இருந்து மெம்டெஸ்ட்86ங்கற ராம் டெஸ்ட போட்டு விட்டாரு. பழைய ரெண்டு ஸ்டிக்கு மட்டும், பாஸ். புது ரெண்டு மட்டும், பாஸ். நாலும் சேத்து போட்டா ஒரு மணி நேரத்துல செவப்பு செவப்பா எரர். ஸ்டிக்கு கெட்டு போகல, நாலும் சேந்து 3200 ஸ்பீடுல ஓட மாட்டேங்குது. பயாஸ்ல எக்ஸ்எம்பி (ராம அதோட முழு ஸ்பீடுல ஓட்டறது) ஆன் பண்ணி வெச்சிருந்தாங்க, அது பாக்க சாதாரண செட்டிங் மாதிரி இருந்தாலும் கணக்குக்கு ஓவர்கிளாக், அதாவது சாதாரண ஸ்பீடுக்கு மேல ஓட்டறதுதான். 3600 பிராசசருக்கு அந்த கம்பெனி ஏஎம்டியே ரெண்டு ஸ்டிக்குன்னா 3200, நாலு ஸ்லாட்டும் ரொப்பினா சிங்கிள் ரேங்க் (சிப்பெல்லாம் ஒரே தொகுதியா இருக்கற) ஸ்டிக்குக்கு 2933, டூயல் ரேங்க்னா (ரெண்டு தொகுதி) 2667ன்னுதான் சொல்லியிருக்கு. விக்கறவங்க இத சொல்றதில்ல. நம்மளும் கேக்கறதில்ல. 2933க்கு எறக்கி ராத்திரி பூரா டெஸ்ட ஓட விட்டுட்டு வீட்டுக்கு போயிட்டாரு, காலைல வந்து பாத்தா நாலு ரவுண்டும் பாஸ், ஒரு எரர் இல்ல. நோட்ல அன்னைக்கு தேதி போட்டு எழுதுனாரு. எடிட்டிங்ல 3200க்கும் 2933க்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல, உண்மைய சொல்லணும்ல.

நீலம் நின்னுச்சு, கருப்பு நிக்கல. எக்ஸ்போர்ட் போட்டா பழையபடி டப்.

இங்க அவரு பண்ணுன டெஸ்டு ரொம்ப புடிச்சிருந்துச்சு, காசே செலவில்லாதது, நீங்களும் வீட்ல பண்ணலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்ங்கற சாஃப்ட்வேர்ல கார்டோட பவர் லிமிட்ட 65 பர்சன்டுக்கு எறக்கிட்டு அதே பிராஜெக்ட எக்ஸ்போர்ட் போட்டாரு. மெதுவா போச்சு, ஆனா முழுசா முடிஞ்சுது. மறுபடி 100க்கு ஏத்துனா அவுட். மூணு வாட்டி மாத்தி மாத்தி பாத்து, கரண்டு பத்தலன்னு உறுதி பண்ணிட்டுதான் திருப்புளிய எடுத்தாரு.

உள்ள எஸ்எம்பிஎஸ் நான் சிஸ்டம் வாங்குனப்ப கேபினட் கூடவே வந்தது, மேல 450 வாட்ஸ்னு பெருசா போட்டிருக்கும். நான் கணக்கு போட்டுதான் வெச்சிருந்தேன், கார்டு 170, பிராசசர் லோடுல 90க்குள்ள, 260 தான ஆகுது, 450ல தாராளம்னு. ஏட்டன் எஸ்எம்பிஎஸ்ஸ கவுத்து ஸ்டிக்கர்ல பொடி எழுத்த காட்டுனாரு. பிளஸ் 12 வோல்ட், 18 ஆம்ப்ஸ். பன்னெண்டு பதினெட்டா 216 வாட்ஸ். கார்டும் பிராசசரும் திங்கறது இந்த 12 வோல்ட் லைன்ல இருந்துதான், மீதி 450ங்கறதெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட்னு எதுக்கும் ஆகாத எடத்துல கூட்டி சேத்தது. அதும் கார்டு 170ன்னு சொன்னாலும் ஒரு செகண்டுல ஆயிரத்துல சில பங்கு நேரத்துக்கு அதுக்கு மேல எகிறி இழுக்கும், வீக்கான எஸ்எம்பிஎஸ் அப்ப கைய விரிச்சுரும். பழைய 1650 கார்டு 75 வாட்ஸ், ஸ்லாட்ல இருந்தே எடுத்துக்கும், தனி ஒயரே வேணாம், அதனால நாலு வருசம் ஒண்ணும் தெரியல.

இதவிட மோசம் ஒண்ணு. 3060க்கு எட்டு பின் கனெக்டர் வேணும், என் எஸ்எம்பிஎஸ்ல அது கெடையாது. அந்த பெரிய கடையில பழைய ஹார்டு டிஸ்குக்கு போடற மோலெக்ஸ் பின்னு ரெண்ட சேத்து ஒரு கன்வர்ட்டர் மாட்டி விட்டிருக்காங்க, அதும் ரெண்டும் ஒரே ஒயர்ல இருந்து. ஏட்டன் அத புடுங்கி மூக்கு கிட்ட வெச்சு மோந்து பாத்தாரு, என்கிட்ட நீட்டுனாரு. கருகுன பிளாஸ்டிக் வாசம். வெள்ளை கனெக்டர்ல மஞ்ச ஒயர் போற ஓட்டைய சுத்தி டீ கறை மாதிரி பழுப்பு. எட்டு பின்னுங்கறது 150 வாட்ஸ் வரைக்கும் குடுக்கற சமாச்சாரம், அத இத்துனூண்டு மோலெக்ஸ்ல இழுத்தா வேற என்ன ஆகும். கிராஷ் ஆனதே நல்லதுக்குன்னு நெனச்சுகிட்டேன், எங்க ரூம்ல ஓலை கூரை வேற.

கோர்செயர் 650 வாட்ஸ், 80 பிளஸ் பிரான்ஸ், 5,400 ரூவாய்க்கு வரவெச்சு போட்டாரு. என்விடியா இந்த கார்டுக்கு 550 போதும்னுதான் சொல்லுது, ‘நாளைக்கு வேற கார்டு போட்டுட்டு மறுபடி வருவியே’ன்னு 650 போட்டாரு. பேக் பண்ணறதுக்கு முன்னாடி முழு லோடுல மல்டிமீட்டர வெச்சு 12 வோல்ட் லைன அளந்து காட்டுனாரு, 12.05. பழசுல அதே லோடுல 11.2 வந்துச்சு, 11.4க்கு கீழ வரவே கூடாதாம். சர்வீஸ் சார்ஜ் எல்லாத்துக்கும் சேத்து 700. முப்பதாயிரம் எஸ்டிமேட்ட நெனச்சு பாருங்க.

இப்ப அந்த ஒரு ஸ்டார். ஆளு ரொம்ப ஸ்லோ. ஒரு நேரத்துல ஒரு காரியம்தான் மாத்துவேன்னு நிப்பாரு, ராம் டெஸ்டு முடியாம எஸ்எம்பிஎஸ்ஸ தொட மாட்டேன்னுட்டாரு, ரெண்டும் ஒண்ணா பாத்துருங்க ஏட்டான்னு கெஞ்சுனேன், ‘ரெண்டும் ஒண்ணா மாத்துனா எது சொகமாச்சுன்னு எப்படி அறியும்’னாரு. அவரு சொல்றது நியாயம், ஆனா நடுவுல ஓணம் வந்து கடைய நாலு நாள் பூட்டிட்டு போயிட்டாரு, எனக்கு இங்க ஆவணி முகூர்த்தம், அவங்களுக்கும் சிங்க மாசம் கல்யாணம்தான, ரெண்டு பக்கத்து பார்ட்டியும் போன் மேல போன். மொத்தம் பதினோரு நாள். அக்கா பொண்ணு லேப்டாப்ப கடன் வாங்கி ஹைலைட்ஸ மட்டும் எப்படியோ தேத்தி குடுத்தேன், ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க இன்னும் மூஞ்சி குடுத்து பேசறதில்ல.

போன் எடுக்க மாட்டாரு, நேர்ல போங்க. மத்தியானம் ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் பூட்டியிருக்கும். ஜிபே இருக்கு, கார்டு மிசின் இல்ல. தமிழ்லயே பேசலாம், மலையாளம் கலந்து வரும், புரியும். எஸ்எம்பிஎஸ் பில்ல கேட்டு வாங்கிக்கங்க, அவரா தர மாட்டாரு, வாரண்டிக்கு வேணும்.

இன்னைக்கோட அஞ்சு வாரம், ஒரு கிராஷ் இல்ல. நேத்து ரெண்டு மணி நேர ஃபுல் வீடியோ எக்ஸ்போர்ட் போட்டுட்டு தைரியமா தூங்க போனேன். ஒரே ஒரு சின்ன தொந்தரவு, எக்ஸ்போர்ட் நடுவுல கரண்டு போனா லோடு தாங்காம யுபிஎஸ் கத்துது. என்னோட 600 விஏ யுபிஎஸ் 360 வாட்ஸ்தானாம், மானிட்டரும் அதுல தான இருக்கு. அதுக்கும் கேபினட்ட தூக்கிட்டு போனா ஏட்டன் நோட்டுல எனக்கு அடுத்த பக்கம் காலியாத்தான் விட்டு வெச்சிருக்காரு, பாத்தேன்.